கல்லு உழுகுதுங்க

எங்கள் சந்தில் முதன்முதலில் போன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அதனாலேயே அந்த நம்பர் ஒருநாளும் எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. சந்தில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகையிலும் கடை போர்டிலும் எங்கள் நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொண்டார்கள். பி.பி. என்றால் போன் பக்கத்து வீட்டில் இருக்கிறது, கூப்பிட்டால் சொல்லி அனுப்புவார்கள் என்று அர்த்தம். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சொல்லி அனுப்புகிற வேலை என்னுடையது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. என் வீட்டுக்காரர் பம்பு செட் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் அவர் ஸ்கூட்டரில் போனால் மாலைவரை வீட்டில் நானும் போனும்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். செய்தியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய், மதில்மேல் கையை ஊன்றி ஒரு சத்தம் போடுவேன். யார் வீட்டுக்கு என்ன செய்தி என்பது சந்துக்கே கேட்கும். எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமெல்லாம் கிடையாது. என் ஞாபகசக்தி மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மெத்தைக்கார பாய் வீடு. பாய் சைக்கிளின் பின்னால் தைக்கிற சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கல்யாண வீடுகளில் இலவம்பஞ்சை வாங்கிக் குவித்துவிட்டுச் சொல்லி அனுப்புவார்கள். பாய் அங்கேயே வாசலில் உட்கார்ந்து, துணி வெட்டி, பஞ்சு திணித்து, மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுத்துவிட்டு வருவார். தூரமாக இருந்தால் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவார். அந்த சைக்கிளில் ஒரு தகர போர்டு தொங்கும். 'மெத்தை தலையணை தைத்துத் தரப்படும்' என்று மஞ்சள் பெயின்டில் எழுதி, அதன் கீழே எங்கள் நம்பர், பி.பி.

பாயின் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை படியேறாதே, பாரம் தூக்காதே, எதற்கும் பதறாதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாடியில் துணி காயப்போடுவதை மட்டும் அவள் விடவில்லை. அந்தப் பத்துப் படிகூட ஏறாவிட்டால் மூச்சு முட்டுகிறது என்பாள். அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவாள், நான் அவளைக் கண்ணு என்று கூப்பிடுவேன். என் வீட்டில் ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் மதில்மேல் ஏறும்.

அந்த வருடம் கலவரத்தில் எங்கள் ஊரில் என்னென்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நான் எழுதப்போவதில்லை, எழுத எனக்குத் தெம்பும் கிடையாது. எங்கள் சந்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்காத இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. எப்போது நடக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. யார் வீட்டிலாவது குண்டான் கைதவறி விழுந்தால் நாலு ஜன்னல் திறக்கும். பகல் நேரத்தில் ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். சந்தில் எல்லோரும் எல்லோரிடமும் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். ஒரு 'ங்க' போதும் என்கிற இடத்தில் இரண்டு போட்டார்கள். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை. பாய் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கல்யாண வீட்டுக்கு மெத்தை தைக்கப் போயிருந்தார். அந்த வீட்டில் போன் இருந்தது, எங்கள் நம்பரையும் அங்கே கொடுத்து வைத்திருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். துவைக்கிற கல்லில் கை வைக்க முடியவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

எடுத்தால் ஒரே கரகரப்பு. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள் ஒரு ஆண் குரல்.

"ஏனுங்க, மெத்தக்கார பாய் ஊடுங்களா?"

"பக்கத்து ஊடுங்க. சொல்லுங்க, சொல்லிப்போடறேன்."

"அன்னூர்ப் பக்கமிருந்து பேசறனுங்க, கல்யாண ஊடு. இங்க கல்லு உழுகுதுங்க அம்மணி. பாய்க்கு மண்டையில பட்டுப்போச்சுங்க, கொஞ்சம் ரத்தமுங்க. ஊட்டுக்குள்ள உக்கார வெச்சுக் கதவச் சாத்திப்போட்டோம். நின்னா அனுப்பறனுங்க. அந்தப் பொண்ணு தேடிக்கும், அதான் ஒரு வார்த்தை..."

அதோடு லைன் செத்துப்போனது. ஹலோ ஹலோ என்று கத்தினேன். திரும்பப் பேச அவர் நம்பர் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கும் புத்தி எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

போனை வைத்தேன். கல் எறிகிறார்கள். பாய்க்கு மண்டை உடைந்திருக்கிறது. யாரோ நல்லவர்கள் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் கல் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. இதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று அந்த அவசரத்திலும் ஒரு எண்ணம் ஓடியது.

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கதவைத் தட்டி, உள்ளே போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நான் நேரே பின்கட்டுக்கு ஓடி, எப்போதும் போல மதில்மேல் கையை ஊன்றிச் சத்தம் போட்டேன்.

"கண்ணூ! பாய் போன ஊர்ல கல்லு விழுதாம். மண்டையில பட்டிருச்சாம். உள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்களாம்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை. "என்னங்க்கா?" என்று மட்டும் கேட்டாள். பின்பக்கத்துச் சந்தில் யாரோ ஒருவருடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது.

நான் உள்ளே ஓடி வந்து கம்பெனிக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். "ஏனுங்க, அன்னூர்ப் பக்கம் கல்லு விழுதாமுங்க. நம்ம பாய்க்கு அடிபட்டிருச்சாமுங்க. நீங்க சுருக்கா வந்துருங்க" என்றேன். சரி என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கோரைப்பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றை இழுத்துப் பிடிக்கிறது என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது 'ஆளுங்க' என்ற சொல் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டது. "ஆளுங்க கல்லு விடறாங்களாம்" என்றேன். போனில் ஆள் என்ற பேச்சே இல்லை. அதற்குள் வாசலில் நாலைந்து பேர் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்லும்போது 'பத்துப் பேர்' ஆனது. நான் பொய் சொல்கிறேன் என்ற உணர்வே எனக்கு இல்லை. சத்தியமாகக் கேட்டதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

முதல் ஷட்டர் சைக்கிள் கடையுடையது. சரசரவென்று இறங்கித் தரையில் மோதியது. காற்றடிக்கும் பம்பைக் கடைக்காரர் அதற்கு முன்பே உள்ளே எடுத்துப் போய்விட்டிருந்தார். அடுத்தது தையல்கடை. அதற்கடுத்தது மளிகைக்கடை. பத்து நிமிடத்தில் சந்து பொங்கல் மறுநாள் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஆட்கள் வீட்டுக்குள் போகவில்லை. சந்தின் இந்த முனையில் சிலர், அந்த முனையில் சிலர் என்று நின்றார்கள். தினமும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள்தான். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. முனைகள் மட்டும் பிரிந்துவிட்டன.

சந்து முனையில் பாதியில் நின்றுபோன ஒரு வீடு இருந்தது. அஸ்திவாரத்துக்கு இறக்கிய கல்லும் ஜல்லியும் மாதக்கணக்காக அங்கேயே ஒரு மேடாகக் கிடந்தது. அந்த மேட்டின் மேல் இரண்டு பேர் ஏறி நிற்பதைப் பார்த்தேன். தூரத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணி வாக்கில் மாடிகளில் தலை தெரிய ஆரம்பித்தது. யாரோ, "வடக்கால பாருங்க, புகை!" என்று கத்தினார்கள். நானும் வாசலுக்கு வந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே வானம் வெள்ளையாகச் சுட்டது. ஆனால் வடக்கே, வீட்டுக் கூரைகளுக்கு மேல், கருநீலமாக ஒன்று சுவர் போல எழும்பி நின்றது. உச்சியில் மட்டும் விரிந்திருந்தது. அன்னூர் எரிகிறது என்று ஒருவர் சொன்னார். அதை நம்பாதவர் ஒருவரும் அங்கே இல்லை. பிறந்ததிலிருந்து மேகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவருக்குக்கூட அது மேகமாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்தார். ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்தாமல் படி ஏற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பாய் வீட்டு வாசலில் நின்று, "பயப்படாதம்மா, நாங்கெல்லாம் இல்லையா" என்று சொன்னார். பிறகு வெளியே போனார், வந்தார், மாடிக்குப் போனார். மேலே எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் டிரம்மாக இருக்கும் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு மூலைவீட்டு நர்ஸம்மா டியூட்டி முடிந்து வந்தார். சந்து முழுக்க நின்ற ஆட்களைத் தாண்டி, குடையை மடக்கிக்கொண்டு நேராகப் பாய் வீட்டுக்கு வந்து அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வலி விட்டுவிட்டு வருகிறதா, ஒரே பிடிப்பா என்று கேட்டார். ஒரே பிடிப்பு என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம், குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"போன்ல என்ன சொன்னாங்க?"

"பத்துப் பேரு சேர்ந்துட்டு..."

"அது வேண்டாம். அவங்க வாயில வந்த வார்த்தைய மட்டும் சொல்லுங்க."

நான் யோசித்து யோசித்துச் சொன்னேன். கல்லு உழுகுதுங்க. மண்டையில பட்டுப்போச்சுங்க. நின்னா அனுப்பறனுங்க.

"எது நின்னா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

கோபம்தான் வந்தது. இந்த நேரத்தில் போய் இலக்கணம் கேட்கிறாளே என்று மனசுக்குள் திட்டினேன்.

ஆறு மணிக்குள் பாய் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். டவுன் பஸ் எங்கள் பக்கம் வர மறுத்துவிட்டதாம். தலையில் ஒரு மெத்தைத்துணிக் கிழிசலைச் சுற்றியிருந்தார். நெற்றிக்கு மேலே அது கறுத்துக் காய்ந்திருந்தது. சட்டைத் தோளிலும் ரத்தத் துளிகள். ஒரு கையில் சாமான் பை, மறு கையில் சோறு கொண்டுபோன தூக்குப்போசி. சந்து முனையில் அவர் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜல்லி மேட்டின் மேல் நின்றவர்களில் ஒருவன் குனிந்து நிமிர்ந்தான். என் வாழ்க்கையில் அந்த அரை நிமிடத்தைப் போல நான் பயந்ததில்லை.

"யாரு பாய்?" என்று ஒரு குரல் கேட்டது.

பாய் நின்றார். மூடியிருந்த கடைகளையும் நின்ற ஆட்களையும் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருன்னா? என்ன யாரு? மேல இருந்து உழுந்துச்சு."

"மேலன்னா? மாடியிலயிருந்தா?"

"ஏப்பா, வானத்துல இருந்துப்பா. ஆலங்கட்டி."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. நம்ப முடியாது. எங்கள் தலையில் அன்றைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. மனுஷன் சண்டை வேண்டாமென்று மறைக்கிறார் என்று ஒருவன் முணுமுணுத்தான். அது பாய் காதில் விழுந்தது. அவர் நடுத்தெருவில் உட்கார்ந்து தூக்குப்போசியின் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே நிறைய இலவம்பஞ்சு. பொண்டாட்டிக்குக் காட்டலாம் என்று பஞ்சுக்குள் பொதிந்து எடுத்து வந்திருக்கிறார். விரலால் பஞ்சை விலக்கினார். நடுவில் கோலிக்குண்டு அளவில் நாலைந்து வெள்ளைக் கட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஈரமாகக் கிடந்தன.

தையல்கடைக்காரர்தான் முதலில் தொட்டார். தொட்டவர் விரலை உதறினார். கட்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. இந்த முனையிலிருந்தவர்களும் அந்த முனையிலிருந்தவர்களும் தொட்டுப் பார்க்க வந்து ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தர் வாயில் போட்டுக்கொண்டார். சிரிப்பு அப்போதுதான் வந்தது. வந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. என் பெயரைச் சொல்லித்தான் அதிகம் சிரித்தார்கள்.

கடைசிக் கட்டி பாய் வீட்டுக்குள் போனது. அவள் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது கரைந்து மணிக்கட்டு வழியாக ஒழுகியது. பிறகு பாயின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதாள். வயிற்றுப் பிடிப்பு எட்டு மணிக்குள் விட்டுவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். அன்று மாலை எந்தக் கடைக்காரரும் ஷட்டரை முழுதாகத் தூக்கவில்லை, பாதிதான் தூக்கினார்கள்.

கண்ணால் பார்க்காமல் எனக்கு ஆறாது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை நச்சரித்து ஸ்கூட்டரில் அந்தத் தோட்டத்துக்கே போனோம். போகும்போது சந்து முனையில் ஜல்லி மேடு குறைந்து, நடுவில் குழி விழுந்திருந்தது. வீட்டு வேலையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் போல என்றேன். அவர் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பினார்.

அன்னூரைத் தாண்டும்வரை ரோட்டில் எந்த அடையாளமும் இல்லை. புழுதிதான். அப்புறம் ஓர் இட்டேரியில் திரும்பினோம். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம். இட்டேரிக்குத் தெற்கே வாழைத்தோட்டம் இலை மினுங்க நின்றது. வடக்கேயும் வாழைதான், ஆனால் அதில் இலை என்று ஒன்று இல்லை. எல்லாம் நாராகக் கிழிந்து தொங்கியது. குலைகளில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். தெற்குப் பக்கம் ஒரு இலைகூட ஓட்டை இல்லை.

கல்யாண வீட்டுக்காரர், அன்று போன் பேசியவர், நாங்கள் யார் என்று தெரிந்ததும் பதறிப்போய்க் கட்டில் எடுத்துப் போட்டார். எனக்கு அவரிடம் ஒரே ஒரு கேள்விதான். "கல்லுன்னு ஏனுங்க சொன்னீங்க?"

"வேற எப்புடீங்க சொல்றது? கல்லுதானுங்க. எங்க பக்கமெல்லாம் கல்லுமழைன்னுதான் சொல்லுவோம். நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"ஆலங்கட்டிங்க."

"அதெல்லாம் படிச்சவங்க பேச்சுங்க" என்று சிரித்தார்.

அப்புறம் எழுந்து கூட்டிப்போய்க் காட்டினார். வாசலில் வடக்குச் சுவரோரமாக ஒரு சாண் கிடந்ததாம். ஓட்டுக் கூரையில் விழுந்ததெல்லாம் சரிந்து வந்து அங்கே சேர்ந்துவிட்டது, காற்றும் அந்தப் பக்கமே தள்ளியது. மறுநாள் காலைவரை கரையாமல் இருந்ததாம். மாட்டுத் தொட்டியருகே நாலு விரல் அளவு. வேப்பமரத்தடியில் இலையும் பழுப்பும்தான், கல் கொஞ்சம். கிணற்று மேட்டில் இறைத்த பொரி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். இட்டேரிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரே வாசலில் நின்றுகொண்டு கையை இப்படி உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டினார். பஞ்சைக் காப்பாற்ற ஓடியபோது பாய் நின்ற இடம் வடக்குச் சுவரோரம். நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்தால் தலை தப்பியிருக்கும்.

"தெக்காலத் தோட்டத்துக்காரன் நம்பவே மாட்டேங்கறானுங்க. ஐஸ் பேக்டரியில இருந்து கொண்டாந்து கொட்டுனயான்னு கேக்கறான்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் வேலியோரமாகப் போய், அந்தப் பக்கத்து வாழையையும் இந்தப் பக்கத்து வாழையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் மிளகாய் காயப்போட மாடிக்குப் போனேன். வாரத்துக்கு ஒரு தடவைகூட நான் மாடிக்குப் போகிறவள் இல்லை. முழங்கால் உயரக் கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் பாய் வீட்டு மாடி. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டைச்சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் மாடியில், ஒரு சாண் உயரத்துக்குக் கல் குவித்து வைக்கப்பட்டிருந்தது.

எல்லாம் கைக்கு அடக்கமான கல். யாரோ பொறுக்கி எடுத்த கல். மிளகாய்த் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தையல்கடை மாடியில் முழங்கால் உயரம். மளிகைக்கடை மாடியில் இரண்டு குவியல். சைக்கிள் கடை மாடியில் சாக்கு போட்டு மூடியிருந்தது. எதிர்வரிசையில் ஒரு வீட்டில் கொஞ்சம், அடுத்த வீட்டில் நிறைய. இன்னார் வீட்டில்தான் என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லா விதமான வீட்டிலும் இருந்தது. மூலையில் நர்ஸம்மா மாடியில் மட்டும் ஒன்றும் இல்லை, ஒரு துளசிச்செடியும் உடைந்த நாற்காலியும் இருந்தன. பாய் வீட்டு மாடியில் கொடியில் தொங்கிய துணிகள், உலர்த்தப் பரப்பிய பஞ்சு.

அவள் நாலு நாளாக இதைப் பார்த்துக்கொண்டுதான் துணி காயப்போட்டிருக்கிறாள். கட்டைச்சுவரிலிருந்து எட்டித் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்.

"கண்ணு" என்றேன்.

"வெயிலு ஏறுதுங்க்கா, கீழ போறேனுங்க்கா" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் ஒரு 'ங்க' அதிகமாகப் போட்டதை நான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் கீழே ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, மேல எதுக்குங்க அந்தக் கல்லு?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஊரே வெச்சுது, நானும் வெச்சேன்."

"பாய் ஊட்டுப் பக்கமா வெச்சிருக்கறீங்க."

"அந்த மூலையில நின்னாத்தான சந்து முக்கு தெரியும்?" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை முகத்தில். "நீதான அம்மணி போன் பண்ணிச் சொன்ன, கல்லு விழுதுன்னு."

அன்றைக்கே எல்லாவற்றையும் அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு இறங்கினேன். நாலு நடை ஆனது. பட்டப்பகலில், சந்து முழுக்கப் பார்க்க, ஜல்லி மேட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். மற்ற மாடிகளில் இருந்தவை எப்போது இறங்கின என்று எனக்குத் தெரியாது. சில மாடிகளில் அடுத்த மழைக்காலம்வரை இருந்தன.

சித்திரையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் போனை விட்டு நகரவில்லை, குளிக்கப் போகும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். போன் அடிக்கவே இல்லை. சாயங்காலம் நர்ஸம்மாதான் சர்க்கரையோடு வந்தார். அவர் வீட்டுக்குப் போன் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் சுகம், மூன்று கிலோ என்று பாய் போன் பண்ணினாராம்.

செய்தியைத் தப்பாகச் சொன்னவளுக்கு வேறென்ன கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவாக மட்டும் இருந்தால் போதும் என்று இருந்தது. மறுநாள் காலை பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னைப் பார்த்ததும் நிறுத்தி, "நல்லா இருக்கியா தங்கச்சி" என்று விசாரித்தார். தகர போர்டில் எங்கள் நம்பரை ஆணியால் சுரண்டிவிட்டு, அதன்மேல் புது மஞ்சள் பெயின்டில் நர்ஸம்மா நம்பர் எழுதியிருந்தது. கடைசியில் இருந்த பி.பி. மட்டும் பழைய எழுத்து. அதை மாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.